மேசையில் வைத்தது

"பாஸ்டர், எங்கம்மா மேசையில வச்ச ஊசியையும் கிளினிக் புத்தகத்தையும் திருப்பிக் குடுங்க."

கேட்டுவிட்டேன். எங்கள் ஜெபவீட்டில் சேருகிறவர்களுக்கு முதல் வாரமே சொல்லிவைப்பது இந்த ஒன்றைத்தான். ஆராதனைக்குப் பிந்தி வரலாம். பிரசங்கத்தில் தூங்கலாம். பக்கத்தில் இருப்பவளின் சேலையைப் பற்றிப் பின்வரிசையில் உட்கார்ந்து பேசலாம். மேசையில் வைத்ததை மட்டும் திரும்பக் கேட்கக் கூடாது.

பாஸ்டர் தர்மா ஏணியின் நான்காவது படியில் நின்று வெள்ளிச் சரிகைத் தாள் கட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் ஞாயிறு, ஜெபவீட்டின் பன்னிரண்டாம் ஆண்டுவிழா. சபையைச் சேர்ந்த பாப்பா அக்கா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் அண்ணன் மகேந்திரன் முழங்காலில் நின்று ஸ்பீக்கர் வயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தான். ஈப்போவுக்குப் பக்கத்தில், செமோரில் கார் டயர் கடைக்கு மேல்மாடிதான் எங்கள் ஜெபவீடு. கீழே நட்டு கழற்றும் மெஷின் கத்தும்போதெல்லாம் மேலே பேச்சை நிறுத்திக்கொள்ள வேண்டும். அது கத்தி முடிக்கும்வரை பாஸ்டர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்னாம்மா கேட்ட?"

"ஊசியும் புத்தகமும். அம்மா கீழ கார்ல இருக்காங்க. நீங்க எறங்கி வந்து உங்க கையால குடுக்கணும்."

"ஏய்!" என்றான் மகேந்திரன். "வாய மூடுலா. யாருகிட்ட பேசுற?"

மேசையைச் சொல்லிவிடுகிறேன். சிலுவைக்குக் கீழே, வெள்ளைத் துணி விரித்த நீள மேசை. கர்த்தர் விடுவித்தார், சுகமாக்கினார் என்று சாட்சி சொல்கிறவர்கள், இனி தங்களுக்குத் தேவையில்லாததைக் கொண்டுவந்து அதில் வைப்பார்கள். பாதி குடித்த சம்சுச் சாராயப் போத்தல் ஒன்று இருந்தது. சிகரெட் பாக்கெட்டுகள், நாலு நம்பர் லாட்டரிச் சீட்டுகள், மந்திரித்த கயிறுகள். அவற்றுக்கு நடுவே ஒரு ஆஸ்துமா இன்ஹேலர், இரத்தக் கொதிப்பு மாத்திரை அட்டைகள், ஒரு கைத்தடி, பாப்பா அக்காவின் மூக்குக்கண்ணாடி. மார்ச் மாதத்திலிருந்து எங்கள் அம்மாவின் இன்சுலின் பேனாவும், முனை மடங்கிய நீலநிறக் கிளினிக் புத்தகமும்.

சாராயத்தை வைக்க வேண்டிய இடம்தான் அது. என் அப்பா சன்னாசி அந்த மேசையைப் பார்த்திருந்தால் இன்னும் உயிரோடு இருந்திருக்கலாம். ஆனால் இன்ஹேலரை வைக்கிற இடமா அது? பன்னிரண்டு வருடமாகக் குப்பையும் மருந்தும் ஒரே துணியில் கிடக்கின்றன. இது வேறு, அது வேறு என்று பிரித்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அதுதான் குமட்டுகிறது.

நான் செய்கிற வேலையே பிரித்துப் பார்ப்பதுதான். ஈப்போவுக்கு வெளியே ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். அம்மா ஒரு காலத்தில் தோட்டத்தில் வெட்டிய அதே ரப்பர்பால், இப்போது வேறு யார் யாரோ வெட்டி, என் மேசைக்குக் கையுறையாக வருகிறது. ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, தொங்கவிட்டு, இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. முதல் நிமிடத்தில் எல்லாக் கையுறையும் நல்ல கையுறைதான். இரண்டாவது நிமிடத்தின் கடைசியில்தான் விரல் இடுக்கில் ஒரு துளி வந்து நிற்கும். பொறுமை இல்லாதவளை அந்த வேலையில் வைக்க மாட்டார்கள். அங்கே நான் பொறுமைசாலி. இங்கே, இந்த மாடியில், ஆறு வருடமாக ஒருவர்மேலும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றிப் பார்க்காமல் ஆமென் போட்டுக்கொண்டிருந்தேன். எந்த ஆவியையும் சோதித்துப் பார்க்கச் சொல்லி வேதத்திலேயே இருக்கிறது. அந்த வசனத்தை நான் மஞ்சள் மையால் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். அடிக்கோடிட்டதோடு சரி.

பாஸ்டர் ஏணியிலிருந்து இறங்கினார். நெற்றி வியர்வையைத் துண்டால் ஒற்றிக்கொண்டார். வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மலைப்பக்கம் இடி உருண்டது.

"ஷாமினி, நீ படிச்ச பொண்ணு. ஒனக்குச் சொல்லணுமா? கர்த்தருக்குக் குடுத்தத திரும்ப வாங்குனா அது என்னா? பின்வாங்கிப் போறது. உங்கம்மா அஞ்சு மாசமா உறுதியா நிக்கிறாங்க. விடாம நிக்கிறதுதான் விசுவாசம். நீ அவங்க கால வாரி விடுற."

"அந்தக் கால்ல ரெண்டு வெரலு கறுத்துப்போச்சி பாஸ்டர்."

பாப்பா அக்காவின் கையில் துடைப்பான் நின்றது.

மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு. கோலாலம்பூரிலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். தமிழ் தெரியாத நாலு பேர், அவர்களோடு படமெடுக்க ஒருவர். அம்மா முன்னால் போய், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கைகட்டி நின்றாள். நான் பக்கத்தில் நின்று இங்கிலீஷில் சொன்னேன். எங்கள் ஜெபவீட்டில் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதான். மைக்கை என் கையில் கொடுத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"காலுல இப்ப வலியே இல்லங்க பாஸ்டர்," என்றாள் அம்மா. "முன்ன எரியும், தூங்க முடியாது. இப்ப ஆணி குத்துனாகூட தெரியாது."

கூட்டம் கை தட்டியது. ஆணி குத்தினால் தெரியாது என்றதற்குக் கை தட்டியது! நான் 'கம்ப்ளீட்லி ஹீல்ட்' என்றேன். ஆணியை விட்டுவிட்டேன். மறந்துபோய் விடவில்லை. சொல்ல வந்த வார்த்தை தொண்டையில் ஒரு நொடி நின்றது. இனிப்பு நீர் வியாதி முற்றி நரம்பு செத்தால் இப்படித்தான் வலி போகும் என்பது எனக்குத் தெரியும். கேமரா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. விழுங்கிவிட்டேன்.

அன்றைக்கே ஊசியும் புத்தகமும் மேசைக்குப் போயின.

ஜூன் மாதத்தில் புதுச் செருப்பு கடித்துக் கொப்புளம் வந்திருக்கிறது. அம்மா யாரிடமும் சொல்லவில்லை. சுகமானவளுக்குப் புண் எப்படி வரும்? உப்புத் தண்ணீரில் கழுவி, மஞ்சள் வைத்துக் கட்டி, மேலே காலுறை மாட்டிக்கொண்டாள். செமோர் வெயிலில் நாள் முழுக்கக் காலுறை போட்ட பொம்பளை எங்கள் தாமான் குடியிருப்பிலேயே அவள் ஒருத்திதான். நான் கேட்டதற்கு, "தரை ஜில்லுங்குதுடி," என்றாள். நான் ஷிப்ட் வேலைக்கு ஓடிக்கொண்டிருந்தேன். சரி என்று போய்விட்டேன்.

போன வாரம் வீட்டில் நாற்றம் தாங்க முடியவில்லை. எலி செத்துக் கிடக்கிறது என்று நானும் மகேந்திரனும் அரிசி டிரம்மை நகர்த்தினோம். அலமாரியை இழுத்தோம். சோபாவைக் கவிழ்த்துப் போட்டோம். அம்மாவும் எங்களோடு குனிந்து குனிந்து தேடினாள். டார்ச் லைட் பிடித்தாள். "அங்கப் பாரு, கேஸ் தோம்புக்குப் பின்னால பாரு," என்று வழிகூடக் காட்டினாள். தன் காலின் நாற்றத்தைத் தன் பிள்ளைகளோடு சேர்ந்து வீடெல்லாம் தேடினாள் எங்கள் அம்மா. வியாழக்கிழமை காலை அவள் குளித்துவிட்டு வரும்போது ஈரத் தரையில் பழுப்பாகக் கால்தடம் இருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

நேற்று பிடிவாதமாக இழுத்துப்போன கிளினிக்கில் டாக்டர் கட்டைப் பிரித்ததும் முகமூடிக்கு மேல் இன்னொரு முகமூடியை மாட்டிக்கொண்டார். "இன்னைக்கே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. இப்பப் போனா ரெண்டு விரலோட முடியலாம். தள்ளிப்போட்டா பாதம் போகும். அதுக்கப்புறம் என்னக் கேக்காதீங்க." அம்மா தலையாட்டிக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டாள். இரவு முழுக்கக் கெஞ்சினேன், திட்டினேன், அழுதேன்கூட. காலையில் ரொட்டியைக் கோப்பியில் நனைத்துக்கொண்டே சொன்னாள்:

"நான் மேசையில வச்சிட்டேன்டி. இத்தன பேரு முன்னால சொல்லிட்டேன். பாஸ்டரு கையால எடுத்துக் குடுத்து, போன்னு சொன்னாருன்னா வாரேன். நீயா எடுத்துட்டு வந்தீன்னா நான் தொடமாட்டேன்."

அந்தப் பேனாவில் இருக்கிற மருந்து ஐந்து மாதச் சூட்டில் எப்போதோ கெட்டுப்போயிருக்கும். ஆஸ்பத்திரியில் கேட்டால் புதியதைக் கொடுப்பார்கள். எனக்கு வேண்டியது மருந்தில்லை. அவர் கீழே இறங்கி வந்து சொல்லும் ஒரு வார்த்தை.

அவர் வார்த்தைக்கு அம்மா ஏன் காத்திருக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும். பாஸ்டரின் அப்பா பத்துமலை என்பவர், அம்மா பால் வெட்டிய தோட்டத்தில் மண்டோர், வேலையாட்களின் மேற்பார்வையாளர். வெட்டு முடிந்த மர நிரையில் அவர் விரலை ஓட்டிக்கொண்டே வருவார், உளி ஆழமாகப் போய் மரத்தில் காயம் பட்டிருக்கிறதா என்று பார்க்க. அவர் தலையசைக்கும்வரை ஆள் நிரையை விட்டு நகரக் கூடாது. ஒருமுறை காய்ச்சலில் வாந்தி எடுத்துக்கொண்டே அம்மா மரத்தடியில் பதினோரு மணிவரை நின்றிருக்கிறாள். தோட்டம் விற்றுப் பதினெட்டு வருடம் ஆகிறது. அந்த நிலத்தில் இப்போது இரட்டை மாடி வீடுகள். மண்டோர் செத்துப்போனார். அம்மா இன்னும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கைகட்டி, அவர் மகனின் தலையசைப்புக்கு நிற்கிறாள். அதை இவர்கள் விசுவாசம் என்கிறார்கள்.

"நான் ஊசியை நிறுத்தச் சொல்லலியே," என்றார் பாஸ்டர்.

குரல் தாழ்ந்திருந்தது. பாப்பா அக்காவை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"என்னா சொன்னீங்க?"

"நான் யாரையும் மருந்த நிறுத்தச் சொல்றது இல்ல. உன் விசுவாசத்தின்படி ஆகட்டும்னு சொன்னேன். சிஸ்டர் ரெபேக்காதான் கொண்டாந்து வச்சாங்க."

ரெபேக்கா என்பது அம்மாவுக்கு அவர் ஞானஸ்நானத்தில் வைத்த பெயர். கிளினிக் புத்தகத்தில் அவள் பெயர் இருளாயி.

"அப்ப ரொம்ப நல்லதா போச்சி. அதையே கீழ வந்து சொல்லுங்க. 'நான் நிறுத்தச் சொல்லல, ஆஸ்பத்திரிக்குப் போங்க.' எண்ணி அஞ்சு வார்த்த. பத்தொம்பது படிதான் இருக்கு."

"சபார்லா, ஷாமினி. கொஞ்சம் பொறு. நாளைக்கி ஆண்டுவிழா. அதே டீம் திரும்பி வாராங்க. அந்த சாட்சிய மறுபடி பாக்கணும்னுதான் வாராங்க. ஞாயித்துக்கிழம முடியட்டும், திங்கக்கிழம நானே என் கார்ல கூட்டிட்டுப் போறேன்."

"ரெண்டு நாள்ல பாதம் போயிடும் பாஸ்டர்."

"அவங்களால படி ஏற முடியலன்னா பரவால்ல," என்றார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "நாலு பேரு பாயில வச்சித் தூக்கிட்டு வருவோம். வேதத்துல நடக்க முடியாத திமிர்வாதக்காரன தூக்கிட்டு வந்தாங்கல்ல, அந்த மாதிரி. பாக்குறவங்களுக்கு எவ்ளோ பிரயோஜனமா இருக்கும்! மகேந்திரா, முடியும்ல?"

மகேந்திரன் வயரைப் பார்த்துக்கொண்டு, "முடியும் பாஸ்டர்," என்றான்.

அந்தப் பழுப்புக் கால்தடத்தைத் துடைத்தபோதுகூட எனக்கு இவ்வளவு அருவருப்பு வரவில்லை.

"நீ சோபாவக் கவுத்துப் போட்டியே, அந்த நாத்தம் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன் அண்ணனை. "அதத்தான் பாயில தூக்கிட்டு வருவியா? கெஸ்டுங்க மூக்கப் பொத்திக்குவாங்களே, என்னா பண்ணப்போற? அதுக்கும் நான்தான் இங்கிலீஷ்ல ஏதாவது சொல்லணுமா?"

"நீ ரொம்பப் பேசுற. யூனிவர்சிட்டி போயி இதத்தான் படிச்சியா?"

"படிச்சதால இல்லடா. படிச்சும் வாய மூடிட்டு இருந்தேன் பாரு, அதாலதான் இப்பப் பேசுறேன்."

நான் கர்த்தரை விட்டுவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அப்பா செத்த வாரம், சொந்தக்காரர்கள் மூன்றாம் நாளே கிளம்பிவிட்டபோது, இந்த ஜெபவீட்டுப் பெண்கள்தான் அரிசியோடு வந்தார்கள். பாப்பா அக்கா எங்கள் வீட்டில் பத்து நாள் துணைக்குப் படுத்திருந்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் செய்த ஜெபம் பொய்யில்லை. ஏதோ ஒன்று அன்றைக்கு அந்த வீட்டுக்குள் வந்து எங்களைத் தூக்கி நிறுத்தியது. இன்றைக்கும் அதை நம்புகிறேன். அதே கைகள்தான் மார்ச் மாதம் ஆணிக்கும் தட்டின என்பதுதான் சிக்கல். நல்லது வந்த வழியாகவே மற்றதும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டையும் பிரிக்காமல் நான் வசதியாக இருந்துவிட்டேன்.

மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரைமேல் கொட்டிய சத்தத்தில் பாஸ்டர் என் அருகில் வந்து குனிந்து பேச வேண்டியிருந்தது. அவர் சட்டையில் அயர்ன் போட்ட வாசம் வந்தது.

"இங்கப் பாரும்மா. நான் ஒரு வழி சொல்றேன். நீ எடுத்துக்க. நான் பாக்கல. கீழ போயி, பாஸ்டருதான் குடுத்தாருன்னு உங்கம்மாகிட்ட சொல்லிடு. அவங்க ஆஸ்பத்திரிக்குப் போயிடுவாங்க. உன் பிரச்சன தீந்துச்சி. நாளைக்கி யாராவது கேட்டா நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"அதுதான் நல்ல ஐடியா," என்றான் மகேந்திரன், தப்பித்தவனைப் போல. "சொல்லிட்டுப் போயேன். எல்லாருக்கும் செனாங், லேசா முடிஞ்சிடும்."

பொய் சொல்ல மாட்டேன் என்று உடனே சிலிர்த்துக்கொண்டேன் என்று எழுதினால் அதுதான் பொய். கீழே என் அம்மாவின் கால் அழுகிக்கொண்டிருந்தது. அம்மா சந்தோஷமாகக் காரில் சாய்ந்து உட்காருவாள், "பாத்தியா, பாஸ்டரு குடுத்துட்டாரு," என்பாள். ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். இரண்டு விரலோடு போகும். பிறகு? வீடு திரும்பியதும், பாஸ்டர் கொடுத்த உத்தரவால் பிழைத்தேன் என்று இங்கேயே வந்து கைகட்டி நிற்பாள். அடுத்த முறை அவர் இன்னொன்றை மேசையில் வைக்கச் சொல்வார். வைப்பாள். அப்போதும் மைக்கைப் பிடிக்க ஒருத்தி இருப்பாள்.

மார்ச் மாதம் நான் விழுங்கிய ஆணி இன்னும் தொண்டையிலேயே நின்றது. இன்னொன்றை விழுங்க இடமில்லை.

நேராக மேசைக்குப் போனேன். பேனாவை எடுத்தேன். நீலப் புத்தகத்தை எடுத்தேன். அட்டையில் தூசி படிந்து விரலில் ஒட்டியது. இடி விழவில்லை. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

"ஷாமினி," என்று பின்னாலிருந்து ஒரு குரல். பாப்பா அக்கா. துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னாக்கா?"

"அப்படியே என் கண்ணாடியையும் எடுத்துக் குடும்மா."

"பாப்பா!" என்றார் பாஸ்டர்.

"ரெண்டு வருசமாச்சி பாஸ்டர். பாட்டுப் புத்தகத்த தொறந்து வச்சிக்கிட்டு, மனப்பாடமா தெரிஞ்சதத்தான் பாடுறேன். புதுப் பாட்டுன்னா வாய மட்டும் அசைக்கிறேன். வேதம் வாசிக்கவே முடியல. கர்த்தரு பேசுறத படிக்க முடியாம கர்த்தருக்குக் கண்ணாடிய குடுத்து என்னா பிரயோஜனம் சொல்லுங்க?" அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பழைய பவரு. இப்ப சேருமோ என்னவோ. குடு, போட்டுப் பாப்போம்."

எடுத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டாள். முதலில் பாஸ்டரின் முகத்தைத்தான் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தான் துடைத்த தரையைக் குனிந்து பார்த்து, "அலாமா, எவ்ளோ அழுக்கு விட்டிருக்கேன்," என்றாள்.

நான் வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினேன். பாஸ்டர் பின்னாலேயே வந்தார். சபிப்பார் என்று நினைத்தேன். அடி தாங்குவதுபோல் தோளைக் கொஞ்சம் இறுக்கிக்கூட வைத்துக்கொண்டேன்.

"ஷாமினி, நாளைக்கி கெஸ்டுங்களுக்கு யாரும்மா இங்கிலீஷ்ல சொல்றது?" என்று கேட்டார்.

இவருக்கா ஆறு வருடம் பயந்தேன்?

"யார வேணாலும் வச்சிக்கிங்க. ஆனா போனவாட்டி ஒண்ண விட்டுட்டேன், அதையும் சேத்துச் சொல்லச் சொல்லுங்க. ஆணி குத்துனாகூட தெரியலன்னு எங்கம்மா சொன்னாங்க. அதச் சொன்னதுக்குத்தான் நீங்க எல்லாரும் கை தட்டுனீங்க."

படியிறங்கத் தொடங்கினேன். மேலே ஏணியை யாரோ இழுத்தார்கள். கீழே மழைக்கு ஒதுங்கி நின்ற டயர் கடைக்காரப் பையன்கள் என் காரைப் பார்த்து மூக்கைச் சுளித்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் அம்மாவின் முகம் தெரிந்தது. என் கையை எட்டிப் பார்த்தாள். பிறகு என்னைத் தாண்டி, படிக்கட்டைப் பார்த்தாள். இன்னொருவர் இறங்கி வருகிறாரா என்று.

என்ன செய்யப்போகிறேன் என்பது பத்தாவது படியிலேயே முடிவாகிவிட்டது. முதலில் கதவைப் பூட்டி, காரை ரோட்டில் ஏற்றிவிடுவேன். அதற்குப் பிறகுதான் சொல்வேன். பாஸ்டர் கொடுக்கவில்லை, நானாக எடுத்தேன். அதோடு மார்ச் மாதம் உன் வாயிலிருந்து வந்ததை நான் பாதிதான் சொன்னேன், மீதியைத் தெரிந்தே மறைத்தேன் என்றும் சொல்வேன். ஈப்போவரை திட்டுவாள். அழுவாள், பேனாவை என் மேலேயே வீசுவாள். வீசட்டும். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிய பிறகும் வேண்டாம் என்றால் அது அவள் கால், அவள் வாய். டாக்டரின் முகத்தைப் பார்த்து, எல்லாம் தெரிந்துகொண்டு, அவளே சொல்லட்டும். உள்ளே போனாளென்றால், வீடு திரும்பிய பிறகு தினமும் விடியலில், அவள் பால் வெட்டப் போன அதே நேரத்துக்கு எழுந்து, கட்டுப் பிரித்துக் கழுவிக் கட்டுவது என் வேலை. எத்தனை மாதமானாலும். அதற்கு யாரும் கை தட்டப்போவதில்லை.

மழையில் இறங்கினேன். நீலப் புத்தகம் நனையாமல் இருக்கச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, கார் சாவியை எடுத்தேன்.